பூஜைக்காகப் பாதியில் நின்ற வேலை

லாரி இழுக்கவில்லையா, முதலில் எஞ்சினுக்குப் போகிற காற்றைப் பார். அப்புறம் டீசலைப் பார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று டிரம்மைத் தொட்டுப் பார். இதெல்லாம் முடிந்த பிறகுதான் டீசல் பம்பில் கை வைக்க வேண்டும். என் தொழிலில் இந்த நாலு வரியை எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேனோ, எனக்கே தெரியாது. சொல்லும்போது குரலில் ஒரு மிடுக்கு தானாக வந்துவிடும். கேட்பவன் பயபக்தியோடு தலையாட்டுவான். எனக்கு மட்டும் வாய் கசக்கும். ஏனென்றால் 1991ஆம் வருஷம் ஒரு பழைய லாரிக்கு இழுவை போனபோது, அந்த முதல் வரியை நான் தாண்டிக் குதித்துப் போய்விட்டேன். அதனால் ஒரு டிரைவருக்கு வேலையும் போயிற்று, பேரும் போயிற்று.

என் மெக்கானிக் ஷெட் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் போகும் சாலையில் இருந்தது. இன்றைக்கு அங்கே கம்பெனி பஸ்கள் வரிசை கட்டிப் போகின்றன. அன்றைக்கு எதிரே ஒரு லாரி வந்தால் நாம் மண்ணில் இறங்கி வழிவிட வேண்டும். வந்ததெல்லாம் குவாரி வண்டிகள்தான். மலையை உடைத்து ஜல்லியாக்கிச் சென்னைக்குக் கொண்டுபோய்க் கொட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே மாடி மேல் மாடி எழும்பியது, எங்களுக்குத் தூசி மிஞ்சியது. நாலு தகரம், ஒரு வேப்பமரம், வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்க ஒரு பள்ளம், அவ்வளவுதான் ஷெட். எனக்கு முப்பது வயது நிறையவில்லை. டிரைவர்கள் என்னை மேஸ்திரி என்று கூப்பிடுவார்கள். அதில் எனக்குத் தலைக்கனம் கொஞ்சம் அதிகம்தான்.

ஒரு குவாரி முதலாளியின் ஐந்து லாரிகளை நான்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்தும் என்னை விட்டுப் போனால் மாதத்தில் பாதி நாள் ஈ ஓட்ட வேண்டியதுதான். முதலாளிக்கு அது தெரியும், எனக்கும் தெரியும். அவர் வந்து நின்றால் நான் எழுந்து நின்றுதான் பேசுவேன்.

ஐந்தில் ரொம்பப் பழசு ஒன்று. அதை ஓட்டியவர் வடக்குப்பட்டுக்குப் பக்கத்து ஊர்க்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கிறிஸ்தவர். முதலாளி ஒட்டிவைத்த பிள்ளையார் படத்துக்குப் பக்கத்தில் தன்னுடைய சின்ன மரச் சிலுவையைத் தொங்கவிட்டிருப்பார். காலையில் வண்டி எடுக்கும் முன் இரண்டையும் ஒரே துணியால் துடைப்பார். குடிக்க மாட்டார். தேவையில்லாமல் ஹாரன் அடிக்க மாட்டார். அவர் கியர் மாற்றினால் சத்தமே கேட்காது. வண்டிக்கு வலிக்குமோ என்று பயந்து ஓட்டுகிற மாதிரி இருக்கும். மற்ற டிரைவர்கள் அவரைப் பாதிரியார் என்று கிண்டல் செய்வார்கள். அவரும் சிரித்துக்கொள்வார்.

ஆயுத பூஜை வந்தால் மெக்கானிக்குக்குப் பைத்தியம் பிடித்துவிடும். வருஷம் முழுக்க எண்ணெய் மாற்றாதவன்கூட அன்றைக்குள் வண்டி பளபளக்க வேண்டும் என்பான். அதே சமயம் வேலையை முடிக்க ஒரு கெடு உண்டு. முந்தின நாள் சாயங்காலமே ஸ்பேனர், சுத்தி, ஜாக்கி எல்லாவற்றையும் மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துச் சாமி படத்துக்கு முன்னால் வைத்துவிடுவோம். சந்தனம் குங்குமம் வைத்த ஆயுதத்தை மறுநாள் முழுக்கத் தொடக்கூடாது. அதற்கும் மறுநாள் காலையில் கற்பூரம் காட்டி எடுத்தால்தான் மறுபடி வேலை. என் ஷெட்டில் நான் இதில் ரொம்பக் கறார். ஒரு திருப்புளிகூட வெளியே கிடக்க விடமாட்டேன்.

அந்த வருஷம் பூஜைக்கு முந்தின நாள் கடைசியாக வந்தது இந்தப் பழைய லாரி. ஏர் கிளீனரைக் கழற்றினேன். குவாரித் தூசியை நிறுத்திவிட்டு எஞ்சினுக்குச் சுத்தமான காற்றை அனுப்புகிற டப்பா அது. அடியில் எண்ணெய் நிற்கும், தூசி அதில் படியும். டப்பாவைக் கழற்றிவிட்டால் எஞ்சினுக்குக் காற்று போகும் குழாய் வாயைத் திறந்துகொண்டு நிற்கும். அதற்குள் ஒரு கல்லோ போல்ட்டோ விழுந்தால் எஞ்சின் காலி. அதனால் என் பழைய நீலக் கட்டம்போட்ட லுங்கியில் கிழித்த துண்டு ஒன்றை உருட்டிக் குழாய்க்குள் அடைத்தேன். விவரம் தெரிந்த எந்த மெக்கானிக்கும் செய்கிற காரியம்தான். டப்பாவைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். அதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. கையிலிருந்த ஸ்பேனரையும் கழுவிச் சாமி முன்னால் வைத்தாயிற்று. வேலை அப்படியே பாதியில் நின்றது.

மறுநாள் பூஜை. டப்பாவுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். டிரைவர் வந்து கொஞ்சம் தள்ளி நின்று, பொரி கடலையை மட்டும் சந்தோஷமாக வாங்கிக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு போனார்.

அதற்கும் மறுநாள் காலையில் நான் கற்பூரத்தை அணைக்கவில்லை, முதலாளி வாசலில் நிற்கிறார். கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

“ராகுகாலம் வர்றதுக்குள்ள மொதல் லோடு ஏறியாவணும்யா. இன்னும் வண்டி இப்டியே நிக்குது?”

“அஞ்சு நிமிஷம் முதலாளி. டப்பாவை மாட்னா முடிஞ்சிது.”

டிரைவர் என் பக்கத்தில் வந்து குனிந்தார். “அவசரம் இன்னாத்துக்கு மேஸ்திரி? பொறுமையா போடு. ஜல்லி எங்கயும் ஓடிப் போவாது.”

முதலாளி அவரை முறைத்தார். நான் டப்பாவை வைத்து, குழாயைச் சொருகி, கிளாம்பை முறுக்கினேன். துணியை எடுக்கவில்லை. பூஜைக்கு முந்தின நாளே வேலையைத் தொடர்ந்து செய்திருந்தால் கை தானாகத் துணியைத் தேடிப் போயிருக்கும். நடுவில் ஒரு முழு நாள் சாமிக்கென்று போய்விட்டது, கை மறந்துவிட்டது. மறந்ததற்கு நான் சாமியைக் குற்றம் சொல்லவில்லை. அப்படிச் சொல்லிப் பார்த்திருக்கிறேன், நிற்கவில்லை.

எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு வண்டி புறப்பட்டது.

ஒரு வாரம் கழித்து டிரைவர் வந்து வண்டி இழுக்க மாட்டேன் என்கிறது என்றார். குவாரிப் பள்ளத்திலிருந்து மேலே ஏற ஒரு மேடு உண்டு. லோடோடு இரண்டாவது கியரில் ஏறுகிற வண்டி முதல் கியருக்கு வந்துவிட்டது. செம்பரம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம், ஆக்சிலேட்டரைத் தரை வரை மிதித்தும் சைக்கிள்காரன் தாண்டிப் போகிறானாம். கொஞ்ச நாளில் கரும்புகையும் வர ஆரம்பித்தது. அந்தத் துணி குழாயின் வளைவில் போய்ச் சிக்கி, தூசியும் எண்ணெயும் ஏற ஏற இறுகிக்கொண்டிருந்திருக்கிறது. இது எனக்கு அப்புறம் தெரிந்த கதை.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? எல்லாம் செய்தேன். டீசல் ஃபில்டரை மாற்றினேன். டேங்கின் அடியில் தண்ணீர் நிற்கிறதா என்று வடித்துப் பார்த்தேன். ஆக்சிலேட்டர் கம்பி கடைசி வரை நகர்கிறதா என்று டிரைவரை மிதிக்கச் சொல்லி நானே குனிந்து பார்த்தேன். ஓடி வந்து நின்ற வண்டியின் நாலு டிரம்மையும் தொட்டுப் பார்த்தேன், ஒன்றும் கொதிக்கவில்லை. கிளட்ச் வழுக்குகிறதா, சைலன்சர் அடைத்திருக்கிறதா, டாப்பெட் இடைவெளி சரியா, எல்லாம் ஒன்றன் பின் ஒன்றாகப் பார்த்தேன். காற்றை மட்டும் பார்க்கவில்லை.

டிரைவர் சொன்னார், அதுவும் இரண்டு தடவை.

“கரும்பொகை தள்ளுதே மேஸ்திரி. காத்து எட்டாம திணறுற மாரி கீது. ஏர் கிளீனரை ஒரு தபா தொறந்து பாரேன்.”

“பூஜைக்கு நான் போட்டதுண்ணே அது. எனக்குத் தெரியாதா?”

“தெரியும்பா. இருந்தாலும்...”

“நீங்க ஓட்ற வேலைய பாருங்க. இத நான் பாத்துக்கறேன்.”

நான் வீம்புக்காக டப்பாவின் அடிப்பாகத்தை மட்டும் இறக்கி, எண்ணெய் சரியாக இருப்பதைக் காட்டி, “பாத்தீங்களா?” என்று கேட்டு மூடினேன். அதற்கு மேலே ஒரு சாண் தூரத்தில் குழாய்க்குள் என் லுங்கி உட்கார்ந்திருந்தது. மற்றவன் செய்த வேலை என்றால் முதல் நாளே குழாயைக் கழற்றியிருப்பேன். நான் செய்த வேலையில் தப்பு இருக்கும் என்று தேடுவதற்கு எனக்கு மனசு வரவில்லை.

கடைசியில் டீசல் பம்பைக் கழற்றிச் சென்னைக்கு அனுப்பினேன். வண்டி நாலு நாள் நின்றது. பம்ப் நன்றாகத்தான் இருக்கிறது என்று திரும்பி வந்தது. மாட்டி ஓட்டினால் அதே கரும்புகை, அதே திணறல். முதலாளி நாலு நாள் லோடு போன ஆத்திரத்தில் இருந்தார். ஷெட்டில் மற்ற டிரைவர்கள் முன்னால் என்னைப் பார்த்துக் கேட்டார்.

“இன்னாய்யா மேஸ்திரி நீ? பழைய வண்டி ஒண்ண பாக்கத் தெரியல?”

காது வரை சூடாகிவிட்டது எனக்கு. அந்தச் சூடுதான் அடுத்து நடந்ததற்குக் காரணம்.

எங்கள் பக்கத்தில் டிரைவர் என்றாலே டீசல் திருடுவான் என்பது முதலாளிகளின் எண்ணம். முழுப் பொய் என்றும் சொல்ல முடியாது. சில டீக்கடைகளின் பின்னால் பேரல் இருக்கும். வண்டியிலிருந்து கொஞ்சம் டீசலை உறிஞ்சி விற்றுவிட்டு, அளவு காட்டுவதற்கு மண்ணெண்ணெயை ஊற்றிவிடுவார்கள். வண்டி இழுக்காது. இந்த லாரியோ இழுக்கவும் இல்லை, முன்னைவிட டீசலும் அதிகம் குடித்தது. காற்று குறைந்தால் அப்படித்தான் குடிக்கும் என்பது மெக்கானிக்குக்குப் பாலபாடம். முதலாளிக்கு அது எதற்குத் தெரிய வேண்டும்? இழுவை இல்லை, டீசல் காணோம். இரண்டையும் சேர்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். போதாததற்கு டிரைவர் அந்த மாதம்தான் மகள் பள்ளிக்கூடம் போய்வர ஒரு பழைய சைக்கிள் வாங்கியிருந்தார்.

மழை தூறிக்கொண்டிருந்த ஒரு காலையில் முதலாளி டேங்கிலிருந்து ஒரு பாட்டிலில் டீசல் பிடித்துக்கொண்டு வந்தார். என் மூக்குக்கு நேரே நீட்டினார்.

“மோந்து பாத்து சொல்லு. மண்ணெண்ணெ கலந்துகீதா இல்லியா?”

மோந்து பார்த்தேன். டீசல் வாசனைதான் வந்தது. ஷெட்டில் நாள் முழுக்க மண்ணெண்ணெயில் கை அலம்புகிறவனுக்கு எதில் எது கலந்திருக்கிறது என்று எப்படித் தெரியும்? தெரியவில்லை என்று சொல்லியிருக்க வேண்டும். ஆனால் கலந்திருக்கிறது என்றால் தப்பு வண்டியில் இல்லை, என் வேலையிலும் இல்லை. இந்த யோசனை எனக்கு முழுசாக ஓடியதா என்று கேட்டால், ஓடியது. நன்றாக ஓடியது.

“இருக்கலாம் முதலாளி,” என்றேன்.

அந்த ஒரு சொல் போதுமாயிருந்தது. டிரைவர் அப்போது வண்டியின் பக்கத்தில்தான் நின்றார். முதலாளி பாட்டிலைத் தூக்கி வேப்பமரத்தில் அடித்தார். அவர் வாயிலிருந்து வந்ததையெல்லாம் நான் இங்கே எழுதப்போவதில்லை. மேஸ்திரியே மோந்து சொல்லிவிட்டான், எத்தனை நாளாகத் திருடுகிறாய், சைக்கிள் எங்கிருந்து வந்தது, சிலுவையைத் தொங்கவிட்டுக்கொண்டு இந்த வேலையா, இப்படிப் போயிற்று.

டிரைவர் கத்தவில்லை. “நான் எடுக்கல முதலாளி,” என்று ஒரே ஒரு தடவை சொன்னார். அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

“மேஸ்திரி, நீயா சொன்ன?”

நான் அதற்குள் வைஸ் பக்கம் போய், அதில் கவ்வியிருந்த எதையோ அரத்தால் ராவிக்கொண்டிருந்தேன். தலையைத் தூக்கவில்லை. அவர் வண்டியில் ஏறிச் சிலுவையைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, சாவியைப் பானெட் மேல் வைத்துவிட்டு, மழையில் நடந்து போனார். கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம் இருந்தது. முதலாளிக்கு அதோடும் மனசு ஆறவில்லை. அன்று மத்தியானமே ஜீப்பை எடுத்துக்கொண்டு டிரைவரின் ஊருக்குப் போய், வீட்டு வாசலில் நின்று, தெரு கேட்கும்படி திருடன் என்று சொல்லிவிட்டு வந்தார். அதைத் திரும்பி வந்து என்னிடம் பெருமையாக வேறு சொன்னார்.

பத்து நாள் ஓட்ட ஆளில்லாமல் நின்ற வண்டிக்குப் புது டிரைவர் வந்தார். வந்த அன்றே, எஞ்சினுக்குள் காற்று நுழைகிற மேனிஃபோல்ட் பக்கம் காற்று கசிகிறது என்று வண்டியை விட்டுவிட்டுச் சாப்பிடப் போனார். நான் குழாயைக் கழற்றினேன். உள்ளே கறுப்பாக ஏதோ தெரிந்தது. இடுக்கியால் பிடித்து இழுத்தேன். தார் உருண்டை மாதிரி வந்தது. பிரித்தேன். மடிப்புக்குள் தூசி ஏறாத இடத்தில் நீலக் கட்டம் பளிச்சென்று இருந்தது.

குழாயை மறுபடி மாட்டி எஞ்சினை ஸ்டார்ட் செய்து ஆக்சிலேட்டரை மிதித்தேன். பழைய சத்தம், சுத்தமான சத்தம், ஒரு பொட்டுக் கரும்புகை இல்லை. நல்லவனாக இருந்திருந்தால் அந்தத் துணியை எடுத்துக்கொண்டு நேரே முதலாளியிடம் போயிருப்பேன். நான் அதை வேஸ்ட் துணிகளோடு சேர்த்துக் கொளுத்தினேன்.

சாயங்காலம் முதலாளி வந்தார். முகமெல்லாம் சிரிப்பு.

“பாத்தியா? ஆள மாத்தினதும் வண்டி இன்னா பற பறக்குது பாரு! நான் அப்பவே சொன்னேன், அவன்தான்னு!”

“ஆமா முதலாளி,” என்றேன். அவர் என் முதுகில் தட்டிக் கொடுத்தார். திருடிய டிரைவர் போனதும் இழுவை வந்துவிட்டது என்று அந்தக் கதை குவாரி முழுக்கப் பரவியது. அதைவிடப் பெரிய சாட்சி யாருக்கு வேண்டும்? அந்தச் சாட்சியை என் கையாலேயே செய்து கொடுத்திருந்தேன்.

நாளைக்குச் சொல்லலாம், பொங்கல் போகட்டும், முதலாளி நல்ல மனநிலையில் இருக்கும்போது சொல்லலாம் என்று தள்ளிப்போட்டேன். இதையாவது கோழைத்தனம் என்று சொல்லிக்கொள்ளலாம். அடுத்ததற்கு அந்தப் பேர்கூடப் பொருந்தாது.

எங்கள் பக்கத்தில் புதிதாக டிரைவரைச் சேர்க்கும் முன் லாரிக்காரர்கள் மெக்கானிக்கிடம் வந்து விசாரிப்பார்கள். வண்டியை எப்படி வைத்திருப்பான், கை சுத்தமா என்று கேட்பார்கள். மெக்கானிக் சொன்னால் சொன்னதுதான். தை மாதத்தில் சுங்குவார்சத்திரம் பக்கத்து லாரிக்காரர் ஒருவர் வந்தார். அந்த டிரைவர் இவரிடம் வேலை கேட்டிருக்கிறார்.

“எப்டி ஓட்டுவாரு?”

“அவர மாரி ஓட்ற ஆளு இந்த ரோட்லயே கெடையாதுண்ணே,” என்றேன். மனசார.

“கை எப்டி?”

இவர் என் முதலாளியின் சிநேகிதர். நான் இங்கே ஒன்று சொன்னால் அங்கே போய்ச் சேரும். சுத்தம் என்றால், அப்போது ஏன் கலந்திருக்கலாம் என்றாய் என்று முதலாளி கேட்பார். வண்டி எப்படிச் சரியானது என்று கேட்பார். இவ்வளவும் நான் யோசித்து முடிப்பதற்குள் லாரிக்காரர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அதெல்லாம் எனக்குத் தெரியாதுண்ணே.”

அவர் புரிந்துகொண்ட மாதிரி தலையசைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். துணியை மறந்தது மறதி. மோந்து பார்த்துச் சொன்னது வீம்பு. இது இரண்டும் இல்லை. நிதானமாக, பட்டப்பகலில், தெரிந்தே செய்தது. அதற்குப் பிறகு அந்தச் சாலையில் யாரும் அவருக்கு வண்டி கொடுக்கவில்லை. செங்கல் சூளையில் ஏற்றி இறக்கிக்கொண்டிருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். நான் கேட்காத மாதிரி இருந்துவிட்டேன்.

வருஷங்கள் போயின. குவாரிகள் தண்ணீர் தேங்கிய குட்டைகளாயின. ஒரகடத்தில் கம்பெனிகள் வந்தன. சாலையை அகலப்படுத்தியபோது என் ஷெட்டும் வேப்பமரமும் போயின. கம்பெனி பஸ்களுக்குக் காண்ட்ராக்டில் ரிப்பேர் பார்க்கிற ஆளாக ஆனேன். ஒரு நாள் உதிரிப்பாகம் செய்கிற ஒரு கம்பெனிக்குள் நின்றுபோன பஸ்ஸைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கேட்டில் செக்யூரிட்டி என் டூல் பையைத் திறக்கச் சொன்னார். ஒவ்வொரு ஸ்பேனராக எடுத்துப் பார்த்து நோட்டில் எழுதினார். தலைமுடி முழுக்க வெளுத்திருந்தது. நீலச் சட்டையின் தோளில் பட்டையெல்லாம் வைத்திருந்தார்கள்.

“கையெழுத்து போடு மேஸ்திரி,” என்றார்.

அந்தக் குரலை வைத்துத்தான் அந்த டிரைவர் என்று தெரிந்தது. அந்தக் கம்பெனியில் ஷிப்ட் முடிந்து வெளியே போகும் நூற்றுக்கணக்கான பிள்ளைகளின் பையைத் திறந்து எதையும் திருடிப் போகவில்லையே என்று பார்ப்பதுதான் அவருடைய வேலை. இதை யாராவது கதையில் எழுதினால் நம்ப மாட்டேன்.

அவருடைய ஷிப்ட் முடிகிற வரை காத்திருந்தேன். எதிரே டீக்கடையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். லுங்கித் துணி, பாட்டில், துணியைக் கொளுத்தியது, சுங்குவார்சத்திரத்துக்காரரிடம் தெரியாது என்றது, ஒன்றையும் விடவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்றுதான் போனேன். அவர் டீயைக் கடைசிச் சொட்டு வரை குடித்துவிட்டுக் கிளாஸை வைத்தார்.

“கொழாய்லதான் இன்னாவோ கீதுன்னு எனக்கு அப்பவே தோணிச்சி. நீ பாக்க உடல.”

“மன்னிச்சிருங்கண்ணே.”

“என்னாண்ட சொல்லி இன்னா ஆவப் போவுது மேஸ்திரி? நான் திருடலன்னு எனக்குத் தெரியாதா? ஞாயித்துக்கெழம வூட்டாண்ட வா. கோயில் முடிஞ்சி என் பொண்டாட்டி இருப்பா. அவளாண்ட சொல்லு.”

போகாமல் இருந்துவிடலாம் என்று சனிக்கிழமை முழுக்க நினைத்தேன். போனேன். சின்ன ஓட்டு வீடு. மகளைக் கட்டிக் கொடுத்துவிட்டார்கள், இவர்கள் இரண்டு பேர்தான். அவர் மனைவி கோயிலுக்குக் கட்டின வெள்ளைப் புடவையோடு, பைபிளை இன்னும் கையில் வைத்துக்கொண்டு, எதிரே உட்கார்ந்து கேட்டார். நான் முடித்ததும் என்னைப் பார்க்கவில்லை, புருஷனைப் பார்த்தார்.

“அப்போ நீ டீசல எடுக்கவே இல்லியா?”

“இல்ல.”

“அன்னிக்கு அந்தாளு வாசல்ல நின்னு கத்திட்டுப் போனப்புறம் நான் உன்னாண்ட கேட்டேனே. வாயத் தொறந்து இல்லன்னு ஒரு வார்த்த சொன்னியா நீ?”

“ஊரு கேட்டுச்சி, பரவால்லன்னு இருந்தேன். நீயும் கேட்டியே,” என்றார் அவர். “நீ கேட்டப்பவே எனக்கு எல்லாம் போச்சி.”

அந்த அம்மா பைபிளை மடியில் வைத்தார். பிறகு மெதுவாக, யாரிடம் என்று இல்லாமல் கேட்டார்.

“தெனம் காலைல இவரு செஞ்ச திருட்ட மன்னிச்சிருன்னு முட்டி போட்டுகினு இருந்தேனே. அப்போ யாரு பாவத்துக்கு நான் இத்தினி வருசமா ஜெபம் பண்ணிகினு இருந்தேன்?”

பதில் சொல்ல வேண்டியவன் நான் ஒருவன்தான். அப்போதும் நான் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.